பிறர் துணையின்றி என்று நான் எழுதிய பொய்

1

இக்குறிப்பை எழுதியே ஆகவேண்டும் என்னும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது சென்ற திங்கள் அஞ்சலில் வந்த ஓர் உறை. சிங்கப்பூரில் நான் முப்பதாண்டுக்குச் சற்றுக் குறைவாகக் குடியிருந்து வருகிறேன். அங்கே வடக்குக் கரையில், ஆங்கிலப் படைமுகாமை அடுத்து, நாங்கள் நடத்திய தமிழ்ப் பள்ளிக்குக் கட்டடம் எழும்பி இவ்வாண்டோடு பத்தாண்டு நிறைகிறது. அதற்கு மலர் வெளியிடுகிறார்கள். பள்ளியைக் கட்டித் தந்த படைவீரர்களுக்கு அன்று நான் எழுதிப் படித்தளித்த வாழ்த்துமடலை மலரின் முதற்பக்கத்தில் மீண்டும் அச்சிடுகிறார்கள். மெய்ப்புப் பார்த்துத் திருப்பி அனுப்புமாறு செயலாளர் வேலாயுதம் கேட்டிருந்தார்.

மெய்ப்பைப் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது. எழுதியவன் நான். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் தம் மனைவியையும் மகளையும் பிரிந்து தனியே கப்பலேறினார். அவர் உங்கள் காஞ்சிப் பக்கத்தவர், முசரவாக்கத்தில் பிறந்த கொத்தனார், பெயர் ஏழுமலை.

மலர் இதனை ஏற்காது. இப்போது அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் மலரின் பக்கங்கள் மிகுதி என்று கேள்விப்படுகிறேன். பெற்றோர் எல்லாரும் ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தமிழுக்கு மலர் வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவர்களுள் ஒருவன்தான். என் மகள் படித்ததும் ஆங்கிலப் பள்ளியே. ஆதலால் நான் பிறந்த காஞ்சியில் வெளிவரும் இவ்விதழுக்கு எழுதுகிறேன். புலவர் பட்டம் பெற்று, தறிக்குழியில் இறங்காமல் தப்பி, கப்பலேறிப் போன நெசவாளி மகன் ஒருவன் அயல்நாட்டில் என்ன செய்தான் என்பதை ஊரார் அறியட்டும்.

2

பள்ளி முதலில் தகரக்கூரை வேய்ந்த கொட்டகை. மழை பெய்தால் பாடம் நிற்கும். சிங்கப்பூரில் மழை பெய்யாத நாள் குறைவு. முகாமில் துப்புரவு, வடிகால், சமையல் ஆகிய பணிகளில் இருந்த தமிழர்களின் பிள்ளைகள் அதில் படித்தார்கள். கிறித்துமசு வந்தால் படைவீரர்கள் பொம்மையும் இனிப்பும் கொண்டுவந்து கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனை நான் அன்றும் விரும்பியதில்லை. பிள்ளைக்குப் பொம்மை தந்த முகாம் தந்தைக்கு நாட்கூலி தந்தது. இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன.

ஆனால் புதிதாக வந்த ஒரு கேப்டன் வேறுவகையாக இருந்தார். கொட்டகையை ஒருமுறை பார்த்தவர், பொம்மை வேண்டாம், செங்கல் கொண்டுவருகிறோம் என்றார். முகாமின் பழைய கிடங்கு ஒன்றை இடித்த செங்கல் கிடைத்தது. வீரர் பதினைவர் ஞாயிறுதோறும் வந்து கட்டுவதாக ஒப்பினர். முதல் ஞாயிறு அவர்கள் எழுப்பிய சுவர் அடுத்த ஞாயிறு நாங்கள் வந்து பார்த்தபோது சாய்ந்திருந்தது.

அன்று வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை. முகாமில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வடிகால் வாரும் பணி அவருக்கு. நேராக வந்தார், கலவையை இரு விரலால் எடுத்து நாவில் வைத்தார், துப்பினார்.

"உப்பு. கடலோரத்து மண்ண அப்பிடியே வாரிப் போட்டுக்கிறாங்க. எப்பிடி நிக்கும்?" என்றார் என்னிடம். "எங்கூர்ல பாலாத்து மண்ணு, சலிச்சா போதும். இத கழுவணும். தொரைங்களாண்ட சொல்லு வாத்தியாரே."

நான் சொல்வதற்குள் அவரே கேப்டன் பக்கம் திரும்பி, "நோ குட் சார். சால்ட். வாஷ், வாஷ்," என்று கையால் கழுவிக் காட்டினார். கேப்டன் தாமும் கலவையை எடுத்து நாவில் வைத்துத் துப்பினார். சுற்றி நின்ற வீரர்கள் சிரித்தார்கள். அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடத்தில் கட்டளை இட்டவர் கேப்டன் அல்லர்.

ஏழுமலையும் வீரர்களும் மணலை நன்னீரில் கழுவிக் காயவைத்தார்கள். தூக்குக்குண்டை எப்படிப் பிடிப்பது, செங்கல்லை ஏன் நனைத்து வைப்பது, மூலையை முதலில் எழுப்பிப் பின் நடுவை நிரப்புவது ஏன் என்றெல்லாம் பாதி தமிழிலும் பாதி கையசைவிலும் கற்பித்தார். ஒரு சார்ஜன்ட் கோணலாக வைத்த செங்கல் வரியை அவர் காலால் எட்டித் தள்ளியதை நானே பார்த்தேன். "தொரைன்னா சொவரு நேரா நின்னுடுமா?" என்றார். சார்ஜன்ட் மீண்டும் அடுக்கினார். ஓராண்டு முழுவதும் ஒரு ஞாயிறுகூட ஏழுமலை தவறவில்லை. கூலி பெறவில்லை. அவர் மகள் செல்வி அப்போது ஐந்து அகவைச் சிறுமி. அவள் படிக்கப்போகும் பள்ளி என்பதே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

3

கட்டடம் முடிந்தது. கல்வெட்டு வைக்க வேண்டும். எங்கள் இழிவு அங்கிருந்து தொடங்குகிறது.

பள்ளிக் குழுவின் தலைவர் நாகலிங்கம், மளிகைக் கடை உடையவர். காஞ்சியை அடுத்த ஒரு கிராமத்து நிலக்காரர் குடும்பம். செயலாளர் வேலாயுதம் என்னைப் போன்று நெசவுத் தெருவிலிருந்து வந்தவர். கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கிடையே கூட்டம் நடந்தது.

"மொதல்ல தலைவர் பேரு. அதுல ஒண்ணும் பேச்சில்ல," என்றார் நாகலிங்கம்.

"தலைவர் கடையத் தொறந்து வெச்சாரு. நாங்க வசூலுக்கு வூடு வூடா அலைஞ்சோம். எங்க தெருக்காரங்க பேரு ரெண்டாவதா வரணுமா?" என்றார் வேலாயுதம்.

"அப்ப நீயே தலைவரா இருந்துக்கோயேன்பா."

"இருந்திருப்பேன். ஓட்டு எண்ணனது யாரு, ஒம் மச்சான்தானே."

இவ்வாறு மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாம் கூட்டத்தில் நான் மெல்லிய குரலில், "கட்டியவர் ஏழுமலை. அவர் பெயரும் இடம்பெற வேண்டுமல்லவா," என்றேன். மெல்லிய குரல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உரக்கச் சொல்லவில்லை.

ஏழுமலை எந்தத் தெருவில் பிறந்தவர் என்பது கடல் கடந்து வந்தும் எவர்க்கும் மறக்கவில்லை. நாகலிங்கம் பொறுமையாகவே பேசினார்; அதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது. "வாத்தியாரே, அவன் பேரப் போட்டா என் பேருக்குக் கீழ போடணும். கீழ போட்டா அவன் கூலி லைன்காரங்க ஏன் கீழன்னு கேப்பாங்க. மேல போட்டா நான் ஊருக்குப் போய் மூஞ்சக் காட்ட முடியாது. எதுக்கு வம்பு?"

வேலாயுதம் வழி சொன்னார்: "தொரைங்க பேர மட்டும் போடுங்க. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

இரு தரப்பும் உடனே ஒப்பின. அந்த நொடியில் எனக்கு ஊர் நினைவுக்கு வந்தது. என் இளமையில் காஞ்சியில் ஒரு கோயில் தேர் நடுத்தெருவில் மூன்று நாள் நின்றது. வடத்தை முதலில் தொடுவது எந்தத் தெருத் தலைவர் என்பதில் பூசல். இறைவன் வெயிலில் நிற்க, இரு தெருவும் கைகட்டி நின்றன. நான்காம் நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரை அழைத்து வந்து வடத்தை அவர் கையில் முதலில் கொடுத்தார்கள். பூசல் தீர்ந்தது. இரு தெருவாரும் மகிழ்ந்து இழுத்தார்கள். அடுத்தவன் முதலில் தொடுவதைப் பொறாதவர்களுக்கு அயலான் தொட்டது இனித்தது. அந்தத் தேரை நான் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அன்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வாழ்த்துமடலுக்கு என்ன பா அமைக்கலாம் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன்.

4

மடலில் நான் எழுதிய வரி இது: "அடிக்கல் முதல் முகடு ஈறாகப் பிறர் துணையின்றித் தம் இரு கைகளாலேயே இக்கல்விக் கோயிலை எழுப்பிய வீரர்காள்." பிறர் துணையின்றி என்பது ஓசைக்காக வந்தது. மோனை தானாக அமைந்தபோது நான் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திறப்பு நாளில் கேப்டன் தலையில் பரிவட்டம் கட்டினோம். கோயிலில் முதல் மரியாதைக்குரியவர்க்குக் கட்டும் அந்தப் பட்டை, காஞ்சியில் என் தம்பி தன் தறியில் நெய்து அனுப்பியிருந்தான். கேப்டன் அதனைச் சுமந்தபடி எழுந்து பேசினார். மொழிபெயர்த்தவன் நான்.

அவர் சொன்னது இது: "எங்களுள் ஒருவருக்கும் செங்கல் வைக்கத் தெரியாது. கற்றுத் தந்தவர் திரு ஏழுமலை. இது அவர் கட்டிய பள்ளி. நாங்கள் அவருக்குச் சிற்றாள்கள்."

நான் தமிழில் சொன்னது இது: "உள்ளூர் மக்களின் நல்லெண்ணத்துக்கும் ஒத்துழைப்புக்கும் கேப்டன் நன்றி கூறுகிறார்."

முன்வரிசையில் நாகலிங்கம் என்னையே நோக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது. பந்திக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்த ஏழுமலையும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

பந்தி முடிந்தபின் என்னிடம் வந்தார். "என் பேரு என்னமோ சொன்னாரே தொர?"

"ஆம். நன்றி சொன்னார்."

"நீங்க எழுதனதுலயும் போட்டுக்கிறீங்களா வாத்தியாரே?"

"உங்கள் எல்லாரையும் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்," என்றேன்.

அவர் ஒரு படி கேட்டு வாங்கிக்கொண்டார். அதனைச் சட்டமிட்டு, அவர்கள் குடியிருந்த ஓரறை வீட்டில் சாமி படங்களுக்கு நடுவே மாட்டினார். அடுத்த மாதமே கேப்டன் பரிந்துரைத்து, ஒப்பந்தக்காரரிடமிருந்து எடுத்து, முகாமிலேயே நேரடிப் பணியில் அவரை அமர்த்தினார். ஏழுமலை பெயர் ஏறிய முதல் ஏடு முகாமின் பணிப்பதிவேடுதான். நம் கல்வெட்டு அன்று.

5

சில ஆண்டுகளில் ஆங்கிலப் படை நாட்டைவிட்டு விலகும் என்ற செய்தி வந்தது. கேப்டன் முன்னரே மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். முகாம் மூடப்பட்டது. குடியுரிமை இல்லாதவர்க்கு இனிப் பணியுமில்லை, தங்குவதற்கு இசைவுமில்லை. ஏழுமலையின் மனைவி பூங்காவனம் சிங்கப்பூரிலேயே பிறந்தவர், செல்வியும் அவ்வாறே. அவர்கள் இருக்கலாம். ஏழுமலை இருக்க வேண்டுமானால், குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பழைய கடவுச்சீட்டு வெள்ளத்தில் ஊறி அழிந்துபோயிருந்தது. முகாமின் பதிவேடு காட்டிய ஆண்டுகளில் ஓராண்டு குறைந்தது. அந்த ஓராண்டு, பள்ளி கட்டிய ஆண்டு; ஒப்பந்தக்காரரிடம் இருந்த அவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாத ஆண்டு.

குடியுரிமை அலுவலகத்துக்கு நானும் உடன் போனேன். அவ்வாண்டு அவர் ஞாயிறுதோறும் பள்ளியைக் கட்டினார் என்று நான் கையொப்பமிட்ட மடல் ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. ஏழுமலை கையில் ஏதோ துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சீன அலுவலர் ஒருவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். ஏழுமலை துணியைப் பிரித்தார். சட்டமிட்ட என் வாழ்த்துமடல்.

அப்பெண் அதனை முதலிலிருந்து ஈறுவரை படித்தாள். மறுமுறையும் படித்தாள். "அங்கிள், இதுல உங்க பேரு எங்க இருக்கு?"

"நல்லாப் பாரும்மா. செந்தமிழ்ல இருக்குது. எம் பொண்ணுகூடப் படிச்சுட்டு இல்லப்பான்னு சொல்லிச்சு. வாத்தியாரு எழுதனது உனுக்கு எங்க புரியும்னு சொன்னேன். இதோ, எழுதனவரே வந்துக்கிறாரு. கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் மடலை எடுத்து நீட்டினேன். அவள் இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அலுவலர் எழுதிக்கொண்டார். பின் தலைநிமிர்ந்து, கடுமை ஏதுமின்றி, என்னிடமே ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த அச்சிட்ட தாளில் வீரர்கள் பிறர் துணையின்றிக் கட்டினார்கள் என்கிறீர்கள். இன்றைய மடலில் இவர் கட்டினார் என்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் கையொப்பம். நான் எதை நம்புவது?"

நான் சொன்ன மறுமொழியை எழுத எனக்கு நாணமாக இருக்கிறது. ஆயினும் எழுதுகிறேன். அது உயர்வு நவிற்சி அணி என்று சொன்னேன்.

மொழிபெயர்க்கும் பெண் விழித்தாள். "அப்படின்னா என்ன சார்?"

"ஒன்றன் சிறப்பை மிகுத்துச் சொல்வது. எம் செய்யுள் மரபில் உண்டு."

அவள் அதனை அலுவலரிடம் சொன்னாள். அவர் எழுதுகோலை மூடினார். மிகுத்துச் சொன்னது முன்னதா பின்னதா என்று தீர்மானிக்கும் வேலை தம்முடையது அன்று என்றார். அவர்மீது எனக்குச் சினமில்லை. சரியான கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவர்.

பேருந்தில் ஏழுமலை என் பக்கத்தில் அமர்ந்தார். சட்டத்தை மடிமீது வைத்திருந்தார்.

"இல்லியா வாத்தியாரே?"

"இல்லை."

"ஒரு எடத்துலகூட?"

"இல்லை."

கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார். "ஒசந்த கண்ணாடியாப் பாத்துப் போட்டேன்," என்றார். அவர் என்னை வைதிருக்கலாம். பேருந்தில் இடமிருந்தது, நேரமும் இருந்தது.

6

மறுநாள் நாகலிங்கம் கடைக்குப் போனேன். பள்ளிக் குழுத் தலைவர் என்ற முறையில் ஒரு சான்று எழுதித் தந்தால் என் சொல்லுக்கு வலுக்கிடைக்கும் என்றேன். அவர் கடலை எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருத்தனுக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு நாப்பது பேரு கியூவுல நிப்பான் வாத்தியாரே. கவர்மெண்டு என்னைப் புடிச்சி உள்ள வெக்கும்."

"நாற்பது பேருக்கும் போடுங்கள். நாற்பது பேரும் இங்கே உழைத்தவர்கள்தாமே."

"நீங்க பாட்டுக்குப் பாட்டெழுதிட்டுப் போயிடுவீங்க. கடை வெச்சிருக்கிறவன் நானு."

அவரைக் கயவர் என்று எழுதத் தோன்றுகிறது. எழுத உரிமை இல்லை. அவர் கையொப்பமிட மறுத்தார். நான் கையொப்பமிட்டுக் கெடுத்தேன். இரண்டில் எது கேடு என்பதை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அன்று வீட்டில் என் மகள் கயல்விழி, நான் உண்ணாமல் அமர்ந்திருப்பதைக் கண்டு நடந்ததைக் கேட்டாள். சொன்னேன். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, கேப்டன் அன்னிக்கு அவர் பேரச் சொன்னாரு. நீங்க சொல்லல."

"உனக்கு நினைவிருக்கிறதா?"

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசுப்பா. அன்னிக்கு அங்க இருந்ததுல ரெண்டு மொழியும் தெரிஞ்சது நீங்களும் நானும்தான். நீங்க ஏதோ காரணமாத்தான் விட்டீங்கன்னு நெனச்சேன். அப்பறம் தமிழ்ல யாராவது பேசுனா, முழுசாச் சொல்றாங்களான்னு எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சு."

என் மகள் இப்போது தமிழ் படிப்பதில்லை. அவள் பணிபுரியும் அலுவலகத்தில் அவளைக் 'கே' என்று அழைக்கிறார்கள். பிள்ளைகள் தமிழைவிட்டு விலகுகிறார்கள் என்று மேடைதோறும் முழங்கியவன் நான். அவள் எதிலிருந்து விலகினாள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

கேப்டனின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதினேன். மறுமொழி வந்தது, ஏழுமலையின் பெயரும் ஆண்டும் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். தாம் பேசியது ஏன் சான்றாகவில்லை என்றும் கேட்டிருந்தார். அம்மடல் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர் ஏழுமலையின் கப்பல் புறப்பட்டுவிட்டது. அலுவலகத்துக்கு அதனைக் கொண்டுபோனேன். விண்ணப்பித்தவர் நாட்டில் இருந்தால்தான் மறு ஆய்வு என்றார்கள். நாட்டில் இருக்க இசைவு வேண்டித்தான் விண்ணப்பித்தார் என்றேன். விதி அவ்வாறு என்றார்கள்.

அயலார் செய்யும் அறத்தைப் பற்றி நம்மவர் கசப்பாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். படம் எடுத்துக்கொள்ளவே வருகிறார்கள் என்போம். அந்தப் பதினைவர் ஒரு தமிழ்த் தொழிலாளியிடம் வேலை கற்று, அதனை ஊர்முன் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலைத் தமிழில் வரவொட்டாமல் தடுத்தவர்கள் தமிழர்கள். வீரர்கள் கொடுத்ததைக் கொடை என்றோம். ஏழுமலை கொடுத்ததற்கு நம்மிடம் ஒரு சொல்லும் இல்லாமல் போயிற்று.

7

இம்முறை காஞ்சிக்கு வந்தபோது, மெய்ப்பையும் இதுவரை நீங்கள் படித்த குறிப்பையும் உடன் கொண்டுவந்தேன். முசரவாக்கம் போனேன். ஓரிக்கையில் ஒரு வீட்டுவேலை நடக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்றார்கள். போனேன். சாரத்தின்மேல் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கவில்லை. கையிலிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

முதலில் கேட்டது இது: "செல்வி எம்மாம் ஒயரம் வந்துக்கிறா?"

நான் என் தோளருகே கையை வைத்துக் காட்டினேன். அவர் அந்தக் கையையே பார்த்தார். நான்காண்டாகிறது அவர் மகளைப் பார்த்து. பயணச் சீட்டு எட்டாத தொலைவில் இருக்கிறது. விசா அதற்கும் அப்பால்.

மன்னிப்பு வேண்ட வந்ததாகச் சொன்னேன். "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் வாத்தியாரே. இருக்குது. ஒங்க மேலதான் இருக்குது. நாகலிங்கம் அப்பிடித்தான்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஒங்களத் தெரியல," என்றார். பிறகு, "என்னமோ எழுதிக்கினு வந்துக்கிறீங்களே, படிங்க," என்று செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

படித்தேன். கலவை குழைத்துக்கொண்டிருந்தவரும் கைவேலையை நிறுத்திக் கேட்டார். "மேஸ்திரி, பேப்பர்ல வரப்போற. டீ உன்னுதுதான்," என்றார்.

"உப்புக் கலவைய நக்கனதுக்கா டீ? சும்மா இருப்பா," என்றார் ஏழுமலை. முழுவதும் கேட்டு முடித்தபின் என்னிடம் சொன்னார்: "தப்பு இருக்குது."

"சொல்லுங்கள்."

"மண்ணு கழுவனது யாரு?"

"நீங்களும் வீரர்களும்."

"நாங்க வந்தது ஞாயித்துக்கெழம. ஒரு நாள்ல எவ்ளோ மண்ணு கழுவ முடியும்? வாரம் பூரா சாயந்தரத்துல கொழாயாண்ட குந்திக் கழுவனது லைன் பொம்பளைங்க நாலு பேரு. எம் பொண்டாட்டி பூங்காவனம். முனியம்மா. செங்கேணி. இன்னொரு பொண்ணு, புதுசாக் கல்யாணமாகி வந்தது. கை பூரா வெடிச்சுப்போச்சு அதுங்களுக்கு. அந்த மண்ணு இல்லன்னா உங்க கேப்டனும் இல்ல, நானும் இல்ல. அதுங்க பேரு எங்க?"

மாலைதோறும் அந்தக் குழாயைக் கடந்துதான் நான் வீட்டுக்கு நடந்தேன்.

"திரும்பியும் அதே வேலையப் பண்ணிக்கிறீங்க வாத்தியாரே," என்றார். "அப்ப வெள்ளக்காரன். இப்ப நானு."

கரண்டியை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டார்.

8

மலரின் மெய்ப்பில் அந்த வரியைக் குறுக்கே அடித்து, கட்டியவர் பெயர்களை ஓரத்தில் எழுதி வேலாயுதத்துக்கு அனுப்பிவிட்டேன். எவர் பெயர் முதலில் வருவது என்று முடிவுசெய்யக் குழு கூடும் என்று தந்தி வந்திருக்கிறது. கூடட்டும். எழுதியவனின் இசைவின்றி அம்மடலை அச்சிட்டால் நான் இருக்கும்வரை எதிர்த்து எழுதுவேன்.

இரண்டாம் பகுதியில் மணலைப் பற்றி நான் எழுதிய வரியைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அது பிழை. அறிந்து செய்த பிழை அன்று. காணாமல் செய்த பிழை. அதனால் இன்னும் கேடானது. ஆண்டுகளும் பேச்சுகளும் என் நினைவிலிருந்து எழுதியவை, தவறியிருக்கலாம். நாகலிங்கமோ வேலாயுதமோ மறுத்து எழுதினால் இவ்விதழ் அதனையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். அலங்காரம் ஏதும் கண்ணில் பட்டால் அதனை முதலில் ஐயுறுங்கள்.

மணல் கழுவிய நால்வருள் மூவர் பெயரை ஏழுமலை சொன்னார். நான்காமவர் பெயர் அவர்க்கு நினைவில்லை. பூங்காவனத்துக்கும் இல்லை என்று மடல் வந்தது. முகாம் மூடியபின் கணவரோடு ஊர் திரும்பினார் என்றும், ஏனாத்தூர்ப் பக்கம் எங்கோ களையெடுக்கப் போகிறார் என்றும் மட்டும் தெரிகிறது. உள்ளங்கையில் வெடிப்புத் தழும்பு இருக்கக்கூடும். அவரை அறிந்தோர் அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவர் எவ்வாறு சொல்கிறாரோ அவ்வாறே எழுதுங்கள்; தூய தமிழாக்க வேண்டா.